மாவு பொங்காத வருஷம்

எங்கள் ஊரில் ஒரு வருஷம் முழுக்க மாவு புளிக்கவில்லை. பங்குனிப் பௌர்ணமி நெருங்கிய ஒரு விடியற்காலையில் இட்லிக்கடை செண்பகவல்லி எழுந்து குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அடுப்பைப் பற்றவைத்து, அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தபோது, முந்தின நாள் எந்த அளவில் உப்புப் போட்டுக் கரைத்து வைத்தாளோ அதே அளவில், ஒரு விரற்கடை ஏறாமல், ஒரு குமிழி விடாமல், சுவருக்கு அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு போல மாவு கிடந்தது. உளுந்து பழசு என்று நினைத்துப் பலசரக்குக் கடைக்காரனைத் திட்டினாள். அடுத்த வீட்டுக்காரி கிண்ணத்தோடு மாவு கேட்டு வந்தாள், அவளுக்குப் பின்னால் அதற்கடுத்த வீட்டுக்காரியும் கிண்ணத்தோடு நின்றாள், தெருவின் இரண்டு முனையிலிருந்தும் பெண்கள் காலிக் கிண்ணங்களோடு ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி நடந்துகொண்டிருந்தார்கள், நானும்தான் நடந்தேன். அப்போதுதான் இது உளுந்தின் குற்றமில்லை என்று விளங்கியது.

துறைமுக முக்கில் பேக்கரி வைத்திருந்த சாகுல் பாய்தான் காரணத்தைச் சொன்னார். அவருடைய மைதா மாவும் தொட்டியில் குப்புறப் படுத்த மாதிரி கிடந்தது. வருஷத்தில் எட்டு நாள் யூதத் தெருவுக்கு ரொட்டி போகாது என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னைக்குச் சாயங்காலம் அவங்களுக்குப் பஸ்காப் பண்டிகைல்லா," என்றார். "எட்டு நாளைக்குப் புளிச்சது ஒண்ணையும் வீட்டுல வைக்க மாட்டாங்க. இந்த வருஷம் அது ஊருக்கே வந்துட்டு போலுக்கு."

மின்சாரம் இல்லை, மத்தியானம் வந்துவிடும் என்று சொல்வதைப் போலச் சொன்னார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். எட்டு நாள்தானே என்று புட்டு அவித்தோம், இடியாப்பம் பிழிந்தோம், கொழுக்கட்டை பிடித்தோம். தயிர் எப்போதும் போல உறைந்தது. கள் எப்போதும் போலப் புளித்தது, அதனால் குடிகாரர்கள் மட்டும் இந்த விஷயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. மாதா கோயில் பாதிரியாருக்கும் குறையில்லை, அவர் பூசைக்கு வைக்கும் அப்பம் என்றைக்குமே புளிக்காதது.

யூதத் தெரு என்பது கழிமுகத்தை ஒட்டி ஒரே வரிசையில் நின்ற வீடுகள். ஒரு காலத்தில் அறுபது குடும்பம் இருந்ததாம். எனக்குத் தெரிந்து பதினோரு குடும்பம். மற்றவர்கள் கப்பலேறி அவர்களுடைய தேசத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் யூதப்பள்ளி என்று சொல்லும் அவர்களுடைய கோயிலுக்கு நீல வாசற்கதவு, பின்னால் பெரிய முற்றம். பதினோரு குடும்பமும் பஸ்கா விருந்தை அந்த முற்றத்தில், ஒரே உலையில் சமைத்து, ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். புளிப்பில்லாத அப்பம், கசப்புக் கீரை, அதைத் தோய்த்துத் தின்ன உப்புத் தண்ணீர், பேரீச்சம்பழக் குழம்பு, ஆட்டுக்கறி, சோறு. எகிப்தில் அடிமையாகக் கிடந்து தப்பித்து வந்த கதையைப் பாடுவார்கள். ஒரு கட்டத்தில் எழுந்து வாசற்கதவை விரியத் திறந்து வைப்பார்கள், அவர்களுடைய தீர்க்கதரிசி ஒருவர் எந்த வருஷமாவது உள்ளே வருவார் என்று. அவர் வந்ததாக யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்போம்.

அந்தச் சோற்றில்தான் எல்லாப் பயமும் இருந்தது. அரிசியும் கோதுமையும் ஒரே கடையில், ஒரே படியில் அளந்து வருகிறவை. ஒரு கோதுமை மணி தப்பி வந்து உலையில் வெந்து வெடித்தால் போதும், அது புளிப்பு; மொத்தப் பானையையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அதனால் தை பிறந்ததும் மூன்று பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து அந்த அரிசியை மணி மணியாகப் பார்ப்பார்கள். முதல் கண் பார்த்ததை இரண்டாம் கண் பார்க்கும், இரண்டாம் கண் பார்த்ததை மூன்றாம் கண் பார்க்கும். மூன்றாம் கண்காரி பார்த்தால் அரிசி எரிந்தே போகும் என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு. அவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஏனென்றால் அத்தனையும் மீறிக் கோதுமை வந்தால், யார் கண் தவறியதோ அவள் தட்டில்தான் வந்து விழும், அடுத்த பஸ்காவுக்குள் அந்த வீட்டில் ஒரு தலை குறையும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. எந்த வேதத்திலும் அது இல்லை என்று பள்ளி மூப்பர் எலியாவுவே சொல்வார். சொல்லிவிட்டு, தன் மனைவியை அந்த மூன்று மாதமும் இரண்டு கண்ணாடி போடச் சொல்வார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அது ரிப்காவின் தட்டில் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, முதல் கண்ணாக உட்கார்ந்த முதல் வருஷம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே தன் தட்டைப் பார்த்து, "என் தட்டுல வந்திருக்கு," என்று சத்தமாகச் சொன்னாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பானையைப் புதைத்தார்கள். ஐப்பசி மழையில் அவளுடைய ஒரே மகள் ஹன்னா, ஆறு வயது, நாலு நாள் காய்ச்சலில் போனாள். அடுத்த வருஷம் கப்பலேறிய ரிப்காவின் புருஷன் அவளைக் கூட்டிப் போகவில்லை, உன் கையால் சாப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாரும் அவளை அரிசிப் பக்கம் விடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பாவாடை, உள்பாவாடை தைத்துப் பிழைத்தாள். பஸ்கா மேசையின் கடைசியில் அவளுக்கு ஓர் இடம் உண்டு, பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அவள் அதற்கு வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. தன் கண்தான் தன் பிள்ளையைக் கொன்றது என்று அவளும் நம்பினாள், அதுதான் எங்களுக்குப் பார்க்கச் சகிக்காது.

எட்டு நாள் முடிந்தது. ஒன்பதாம் நாளும் மாவு பொங்கவில்லை. பத்தாம் நாளும் பொங்கவில்லை. ஆப்பச்சோடா போட்டோம், சீறிவிட்டு அடங்கியது. பழைய புளித்த மாவை வெளியூரிலிருந்து வாங்கி வந்து கலந்தோம், பேருந்து ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் அது செத்துப்போனது. பக்கத்து ஊரில் அவித்த இட்லியே முதல் பேருந்தில் வந்து இறங்கியது, ஆறிப்போய், வாழையிலையில் வியர்த்து. மசக்கைக்காரிகள் ஆப்பம் கேட்டு அழுதார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியைப் பார்த்து, என்ன, கருமாதி வீட்டுக்கா வந்திருக்கிறோம் என்று எழுந்துபோனார்கள். காளியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், அந்தக் கூழும் புளிக்கவில்லை. கடைசியில் செண்பகவல்லியும் சாகுல் பாயும் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடக்க, யூதத் தெருவுக்குப் போனோம்.

"உங்க பண்டிகைய முடிச்சு வைங்க மூப்பரே," என்றாள் செண்பகவல்லி.

"அது முடிஞ்சு பத்து நாள் ஆவுதும்மா," என்றார் மூப்பர். "இன்னொண்ணும் சொல்லுதேன், கேளுங்க. அரிசி மாவு எங்க முறையில புளிப்பே கிடையாது. கோதுமைதான் புளிப்பு. உங்க இட்லிக்கும் எங்க வேதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அத மாவுகிட்ட வந்து சொல்லுங்க."

மூப்பர் நல்ல மனிதர், நல்ல மனிதர்களுக்குக் கூட்டத்தைக் கண்டால் வரும் பயம் அவருக்கும் வந்தது. பஸ்காவுக்கு முன்னால் மெழுகுவர்த்தியும் இறகும் வைத்து வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் புளிப்பைத் தேடி எரிப்பது அவர்களுடைய வழக்கம். அந்தத் தேடலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, இன்னும் எங்கோ இருக்கிறது, அதனால்தான் பஸ்கா முடியாமல் நிற்கிறது என்று அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மறுபடியும் தேடினார்கள். சுவரைச் சுரண்டினார்கள், கிணற்றை இறைத்தார்கள், பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். பத்து வீட்டில் ஒன்றும் இல்லை. பதினோராவது வீடு ரிப்காவுடையது. முதலிலேயே அங்கே போயிருக்கலாமே என்று யாரோ சொன்னார்கள், எங்கள் கூட்டத்திலிருந்துதான் சொன்னார்கள்.

அவள் கதவை அகலத் திறந்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அடுப்பைப் பெயர்த்தார்கள். தையல் எந்திரத்தின் அடியில் இறகால் கூட்டினார்கள். அலமாரிக்கு மேலே ஒரு தகரப்பெட்டி, அதற்குள் பழைய வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சின்ன கவுன் இருந்தது, மஞ்சளில் சிவப்புப் பூப் போட்டது, முன்னால் ஒரு பை வைத்தது. மூப்பரின் மனைவி அந்தப் பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். பன் ரொட்டியின் துணுக்கு ஒன்று, கல்லாய்ப் போனது, தரையில் விழுந்தது.

"இந்தா இருக்கே!" என்று கத்தினாள். "பதினெட்டு வருஷமா வீட்டுக்குள்ள வச்சிருக்காளே!"

ஹன்னா பேக்கரிக்கு ஓடி வந்து வாங்கிப்போன பன்னாக இருக்கும் என்று சாகுல் பாய் பிறகு சொன்னார், அப்போது சொல்லவில்லை. துணுக்கு புளிப்பு, துணுக்கு இருந்த பையும் புளிப்பு, பை தைத்திருந்த கவுனும் புளிப்பு என்று தெரு நடுவில் வைத்துக் கொளுத்தினார்கள். பழைய பருத்தி, ஒரு நிமிஷம்கூட எரியவில்லை. ரிப்கா ஒரு குச்சியை எடுத்து அந்தச் சாம்பலை ஓரமாகத் தள்ளினாள், யாரும் மிதித்துவிடாமல். நாங்கள் கலைந்து வீட்டுக்குப் போய் மாவு கரைத்து வைத்தோம். காலையில் அது வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று காலை சிப்போரா தெருவுக்கு வந்து நின்றாள். அவள்தான் இருபத்தைந்து வருஷமாக அந்தத் தெருவின் மூன்றாம் கண், அவள் சொன்னால் அரிசி சுத்தம், அவள் சொன்னால் பெண்ணும் சுத்தம். ஐந்து ஆண் பிள்ளைகள், மூன்று பேர் கடல் கடந்து அந்தத் தேசத்தில், இரண்டு பேர் இங்கே படகுப் பட்டறையில். இரவு முழுக்கத் தூங்காதவள் மாதிரி இருந்தாள். நேற்றைய சாம்பல் தடம் இன்னும் தரையில் இருந்தது, அதைத் தாண்ட முடியாமல் அதற்கு இந்தப் பக்கமே நின்று பேசினாள்.

"அந்தக் கோதும என் தட்டுல வந்தது," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. மூப்பர், "எந்தக் கோதும?" என்று கேட்டார்.

"அந்த வருஷத்துக் கோதும. வெந்து வெடிச்சு என் தட்டுல கெடந்துச்சு. ரிப்கா பக்கத்துல இருந்தா, பிள்ளைக்குக் கறி எடுத்துப் போடத் திரும்புனா. நான் ரெண்டு விரலால எடுத்து அவ தட்டுல வச்சுட்டேன். எனக்கு அஞ்சு, அவளுக்கு ஒண்ணுன்னு நெனச்சேன். அந்த நேரத்துக்கு அதுதான் தோணுச்சு. கவுன எரிக்காதிங்கன்னு நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் ஊரில் தினமும் சொல்வோம், வெற்றிலை போடுவது போல. அன்றுதான் அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ரிப்கா தன் வாசற்படியில் நின்றிருந்தாள். அழுவாள் என்றோ அடிப்பாள் என்றோ காத்திருந்தோம்.

"அப்ப என் கண்ணு தப்பலியா, சிப்போராக்கா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி. உன் கண்ணு தப்பல."

ரிப்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் மனிதர்கள். ஆனால் கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் எங்களுக்குள் பேச்சு எழுந்துவிட்டது: புளிப்பு கிடைத்துவிட்டது, இதுதான் அந்தப் புளிப்பு, இனி ரிப்கா மன்னித்துவிட்டால் பஸ்கா முடியும். பதினோரு குடும்பமும் அப்படித்தான் சொன்னது. மூப்பர் சொன்னார், பாதிரியார் சொன்னார், சாகுல் பாய் சொன்னார். மத்தியானத்துக்குள் ஊரே அவள் வாசலில் நின்றது.

அவள் வெளியே வந்து கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். சிப்போரா தலை குனிந்து முன்னால் நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்," என்றாள் ரிப்கா. "போய் மாவ அரைங்க."

அரைத்தோம். அன்று எங்கள் ஊரில் ஆட்டுக்கல் சத்தம் திருவிழா மேளம் மாதிரிக் கேட்டது. காலையில் மாவு பொங்கவில்லை. ஏன் என்று கேட்கப் போன செண்பகவல்லியிடம் ரிப்கா, "வாய்தான சொல்லிச்சு? மாவுக்குத் தெரியுது பாத்தியா," என்றாளாம். அப்படிச் சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாளாம்.

அன்றிலிருந்து அது எங்கள் ஊரின் வேலையாகிவிட்டது. கோழி கூவுமுன் யாராவது ஒருவர் ரிப்காவின் கதவைத் தட்டி, "யக்கா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்பார்கள். அவள் மனதைத் தடவிப் பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்று, "இன்னைக்கும் இல்ல," என்பாள். அவள் பொய் சொன்னதில்லை, மாவைப் பார்த்தால் தெரியும். முதலில் கொண்டாடினோம். வஞ்சிர மீனின் நடுத்துண்டு அவளுக்குப் போனது, செவ்வாழைத் தார் போனது, கோயில் பிரசாதமும் பெருநாள் பிரியாணியும் போயின. அவள் தெருவில் வந்தால் ஆண்கள் பீடியை மறைத்தார்கள். பிறகு, ஆடிப் பண்டிகையும் போன பிறகு, வெறுத்தோம். கல்நெஞ்சுக்காரி என்றோம், பதினெட்டு வருஷக் கதைக்கு ஊர் வயிற்றில் அடிக்கிறாள் என்றோம், யாரோ ஜன்னலில் கல்லெறிந்தார்கள். பிறகு அதுவும் ஓய்ந்து பழகிவிட்டது. குழந்தைகள் பொங்காத மாவில் மெல்லியதாகச் சுடுவதுதான் தோசை என்று நினைக்கத் தொடங்கினார்கள். புதுமணப் பெண்களுக்கு மாமியார்கள் மாவைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது, "ரிப்கா மனசு எப்படி இருக்குன்னு பாரு," என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் கணவன் மனைவி சண்டை வந்தால், உன் மாவு பொங்கியதா முதலில் அதைச் சொல் என்று கேட்கும் பழக்கமும் வந்தது. அந்த வருஷம் எங்களில் பலருக்கு நாங்கள் யாரை மன்னிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து தொந்தரவு செய்தது, அதற்காகவும் அவளைத் திட்டினோம்.

அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், அதை நாங்கள் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்க ஆள் வந்தது, பதினெட்டு வருஷமாகத் தைக்கத் துணி கொடுப்பவர்கள் தவிர அவள் கதவைத் தட்ட யாரும் வந்ததில்லை. நாலைந்து மாதத்துக்குப் பிறகு நாங்கள் தட்டுமுன்பே கதவு திறந்திருக்கும். தலை வாரிப் பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். கேட்டவர்களுக்குச் சில சமயம் கருப்பட்டிக் காப்பிகூடக் கொடுத்தாள். ஹன்னாவைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. நான் ஒருமுறை கேட்க நினைத்தேன், கேட்டால் அன்றைக்கு மனது கெட்டுவிடும், மாவு இன்னும் பத்து நாள் தள்ளிப்போகும் என்று காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த தை வந்ததும் பதினோரு குடும்பமும் பேசி, ரிப்காவை மூன்றாம் கண்ணாக உட்கார வைத்தது. அவளைக் குளிர்விக்கத்தான், வேறென்ன. மூப்பரின் மனைவி முதல் கண், சிப்போரா இரண்டாம் கண். மூன்று மாதம் மூவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து அரிசி பார்த்தார்கள், சிப்போராவின் முறத்திலிருந்து ரிப்காவின் முறத்துக்கு அரிசி போய்க்கொண்டே இருந்தது. பஸ்கா சாயங்காலம் மேசையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார் மூப்பர். அன்று வாசற்கதவைத் திறக்குமுன்பே நாங்கள் வந்து நின்றுவிட்டோம். பாதி ஊர் நின்றது. தீர்க்கதரிசி வந்திருந்தால் அவருக்கு வழி கிடைத்திருக்காது.

பாடினார்கள். கசப்புக் கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்றார்கள். சோறு பரிமாறி, கறி பரிமாறி, கதவைத் திறந்து வைத்தார்கள். எல்லோரும் எழுந்து வாசலைப் பார்த்துப் பாடும்போது சிப்போரா மட்டும் எழவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு நேரே விளக்கு இருந்தது, முன்வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தத் தட்டு நன்றாகத் தெரிந்தது. வெள்ளைச் சோற்றுக்கு நடுவில் பழுப்பாக, வயிறு வெடித்து, ஒரு கோதுமை மணி.

அவள் கை மேசைக்கு மேலே வந்தது, திரும்ப மடிக்குப் போனது. இந்த முறை அதைத் தொட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் அவளைக் குறை சொல்ல முடியாது. உதடு மட்டும் அசைந்தது, ஐந்து பேரின் பெயரைச் சொல்கிற மாதிரி. அப்போது ரிப்கா உட்கார்ந்தாள். அவளும் பார்த்தாள். சிப்போராவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். இரண்டு விரலை நீட்டி அந்த மணியை எடுத்துத் தன் சோற்றின் நடுவில் வைத்தாள்.

"ஏட்டி, வேண்டாம்..." என்றாள் சிப்போரா, பாட்டுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை, இருவர் பேச்சையும் உதட்டில்தான் படித்தோம்.

"இருக்கட்டும்க்கா. என் வீட்டுல மிச்சம் நான் ஒருத்திதான?"

பிறகு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்க, "என் தட்டுல வந்திருக்கு," என்று சொன்னாள்.

பாட்டு நின்றது. மூப்பர் வந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், அவ கண்ணு அப்படித்தான், இவளப்போய் மூணாங்கண்ணா வச்சமே," என்று பெரிய குரலில் அழுதாள். ஒருவர் பின் ஒருவராகத் தட்டைத் தள்ளினார்கள். எல்லோரும் ரிப்காவைப் பார்த்தார்கள், அந்தப் பழைய பார்வையைப் பதினெட்டு வருஷம் பழக்கப்படுத்தியிருந்தார்களே, தேட வேண்டியிருக்கவில்லை. சிப்போரா வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தோம். கசப்புக் கீரையில் ஒரு கொத்தை எடுத்து அந்த வாயில் போட்டு மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

வாசலில் நின்ற எங்களில் நாற்பது பேராவது பார்த்தோம். ஒரு குரல் போதும். எனக்குப் பக்கத்தில் செண்பகவல்லி நின்றாள், என் கையைப் பிடித்து, "சொல்லிருவமா?" என்றாள். பின்னால் நின்ற ஒருவர், "கொஞ்சம் பொறுங்க தாயி, காலையில என்னன்னு பாத்துக்கிட்டுச் சொல்லுவோம்," என்றார். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பானையைப் புதைக்கக் குழி தோண்டத் தொடங்கினார்கள், நாங்கள் வீட்டுக்கு வந்து மாவு கரைத்து வைத்தோம்.

காலையில் பொங்கியிருந்தது. சும்மா பொங்கவில்லை, ஒரு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துப் பொங்கியது. மூடியைத் தள்ளி, அண்டாவின் விளிம்பில் வழிந்து, மேடையில் இறங்கித் தரைக்கு வந்திருந்தது. ஊர் முழுக்க அந்தப் புளித்த வாசனை. சாகுல் பாய் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். செண்பகவல்லி கடையில் வரிசை துறைமுகம் வரைக்கும் நின்றது, இட்லியை ஊதி ஊதித் தின்றோம், பேச யாருக்கும் வாய் சும்மா இல்லை. அதை மன்னிப்பு என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவளுக்கு அதற்கு என்ன பெயரென்று கேட்டவர்கள் இல்லை. மீன் வாங்கப் போன ஒருத்தி மட்டும் சொன்னாள், ரிப்காவின் கதவு விடியுமுன்பே திறந்திருந்ததாம், தலை வாரி வாசலில் நின்றிருந்தாளாம், வெயில் ஏறிய பிறகு உள்ளே போனாளாம்.

ஐப்பசி மழையில் அந்த வீட்டில் ஒரு தலை குறைந்தது. தைக்கக் கொடுத்த உள்பாவாடையைக் கேட்டுப் போனவள்தான் முதலில் பார்த்தாள். கதவைத் தட்டும் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் எங்களுக்குத் தெரிய மூன்று நாளாகிவிட்டது. கோதுமை பொய் சொல்லாது என்று மூப்பரின் மனைவி சொன்னாள். சிப்போரா அடக்கத்துக்கு வந்தாள், ஓரமாக நின்றாள், ஐந்து பிள்ளைகளும் நலம்.

அந்த மூன்று நாளும் மாவு நன்றாகவே பொங்கியிருந்தது.